எக்சோஸ் மாற்றிய வண்டி புகைப் பரிசோதனையில் தேறுவதற்கு

சுங்கை சிப்புட்டில் எங்கள் பட்டறைக்கு எக்சோஸ் (புகைக்குழாய்) மாற்றிய வண்டியோடு வருகிறவர்களில் பாதிப் பேர், பரிசோதனைத் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு இரண்டு நாள் முன்னதாகத்தான் வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. நம் மலேசியாவில் சொந்த உபயோகத்துக்கான காருக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை கிடையாது. எனவே எக்சோஸை மாற்றி ஐந்தாறு ஆண்டுகள் எந்தக் கேள்வியும் இல்லாமல் ஓட்டிவிட்டு, காரை விற்கும்போது பெயர் மாற்றத்துக்கான பி5, வங்கிக் கடனுக்கான பி7, எஞ்சினை மாற்றியவர்களுக்கான பி2 என்று ஏதாவது ஒரு பரிசோதனை குறுக்கே வரும்போதுதான் புகையைப் பற்றிய கவலை பிறக்கிறது. லோரி, பேருந்து, பள்ளி வேன் வைத்திருப்பவர்களின் நிலை வேறு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வண்டியைக் காட்டியே ஆக வேண்டும் என்பதால் அவர்களுக்கு இது பழகிய வேலை.

1994 முதல் முப்பது ஆண்டுகள் இந்தப் பரிசோதனை புஸ்பாகோம் நிறுவனத்திடம் மட்டுமே இருந்தது. 2024 செப்டம்பரிலிருந்து மற்ற நிறுவனங்களுக்கும் வழி திறந்துவிடப்பட்டது. எந்த நிலையத்துக்குப் போனாலும் குழாயின் வாயில் செருகப்படும் கருவி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: உள்ளே எரிபொருள் முழுமையாக எரிந்ததா? எக்சோஸ் எந்த நிறுவனத்துடையது, விலை என்ன, சத்தம் எப்படி என்பதெல்லாம் அந்தக் கருவிக்குத் தெரியாது. எக்சோஸ் மாற்றிய வண்டி தேறாமல் போனால் எல்லோரும் முதலில் பின்னால் தொங்கும் சைலன்சரைத்தான் சந்தேகிக்கிறார்கள். என் அனுபவத்தில் குற்றவாளி அநேகமாக எப்போதும் முன்பக்கத்தில்தான் இருக்கிறான். எஞ்சின் தலையிலிருந்து, புகையைச் சுத்திகரிக்கும் பெட்டியான கெட்டலிஸ்ட் வரையிலான அந்த ஒரு மீட்டர் குழாயைச் சரியாக வைத்திருப்பவர் தேறுவார். அதைக் கவனிக்காதவர் பின்னால் எத்தனை சைலன்சர் மாற்றினாலும் தேறுவது கடினம்.

எதை மாற்றியிருக்கிறீர்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

எக்சோஸ் மாற்றினேன் என்று ஒருவர் சொன்னால் அதற்கு மூன்று பொருள் இருக்கலாம். கெட்டலிஸ்டுக்குப் பின்னால் உள்ள குழாயையும் சைலன்சரையும் மட்டும் மாற்றியிருந்தால், புகையின் தன்மையில் ஏறக்குறைய எந்த மாற்றமும் இருக்காது. சுத்திகரிப்பு வேலை அதற்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. எக்ஸ்டிரேக்டர் போட்டிருந்தால், அதாவது எஞ்சின் தலையில் பொருந்தும் வார்ப்பிரும்புப் பகுதியை எடுத்துவிட்டு நீண்ட குழாய்களைப் பொருத்தியிருந்தால், புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சரின் இடமும் கெட்டலிஸ்டின் வெப்பமும் மாறியிருக்கும். இங்குதான் கவனம் வேண்டும். மூன்றாவது, கெட்டலிஸ்டையே வெட்டி எடுத்துவிட்டு வெறும் குழாயை வைத்து ஒட்டியிருப்பது.

இந்த மூன்றாவது வகையைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். கெட்டலிஸ்டோடு தயாரிக்கப்பட்ட வண்டியில் அது இல்லாமல் தேறுவதற்குக் குறுக்குவழி சொல்லித் தரும்படி கேட்டு என்னிடம் பலர் வந்திருக்கிறார்கள். ஒருவருக்கும் நான் சொல்லித் தந்ததில்லை. பரிசோதனைக்கு முதல் நாள் இரவல் கெட்டலிஸ்ட் மாட்டுவதும், சென்சரை ஏமாற்றும் முனை வாங்கிச் செருகுவதும் நம் ஊரில் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் அந்த வண்டியின் குழாய் மறுநாள் காலையிலிருந்து ஊதப்போவது தமிழ்ப்பள்ளி வாசலில் நிற்கும் நம் பிள்ளைகளின் முகத்தில்தான். கெட்டலிஸ்டைத் திரும்பப் பொருத்துங்கள். அதைச் செய்தால் இந்தக் கட்டுரையில் பாதியைப் படிக்காமலே நீங்கள் தேறிவிடலாம்.

அந்தப் பெட்டிக்குள் நடப்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் தாமாகவே விளங்கும். தேன்கூடு போன்ற நுண்ணிய துளைகள் கொண்ட ஒரு பீங்கான் கட்டியின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்கள் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். எரியாமல் தப்பி வந்த ஹைட்ரோகார்பனையும் கார்பன் மோனாக்சைடையும் அவை எரித்து நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுகின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகளைப் பிரித்து வெறும் நைட்ரஜனாக்குகின்றன. இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. பெட்டி ஏறக்குறைய 250 முதல் 300 பாகை செல்சியஸ் வரை சூடேறியிருக்க வேண்டும். உள்ளே வரும் கலவை, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கை ஒட்டியே இருக்க வேண்டும். பரிசோதனைக்காக நாம் செய்யும் ஒவ்வொரு வேலையும் இந்த இரண்டில் ஒன்றைக் காப்பாற்றுவதற்குத்தான்.

கெட்டலிஸ்ட் இல்லாமலேயே தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டிகளும் நம் தோட்டப்புறச் சாலைகளில் இன்னும் ஓடுகின்றன. 1985-இல் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவும் 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் கார்புரேட்டர் வண்டிகள். அவற்றில் கலவையைத் திருத்திக்கொடுக்கும் கணினி இல்லை. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு ஐடில் வேகத்தையும் (மிதியை மிதிக்காதபோது எஞ்சின் சுழலும் வேகம்) கலவைத் திருகையும் வாயுப் பகுப்பாய்வுக் கருவியைப் பார்த்தபடியே வைத்துவிட்டால் போதும். காதால் கேட்டு வைப்பதில் கெட்டிக்காரர்களான மூத்த ஃபோர்மேன்கள் (மெக்கானிக்குகள்) நம்மிடையே இருக்கிறார்கள். ஆனாலும் காதுக்கு இனிமையாகக் கேட்கும் இடம் பெரும்பாலும் கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாக உள்ள இடம். கருவியின் கண்ணுக்கு அது தப்பாது.

கசிவு

சில ஆண்டுகளுக்கு முன் என் சொந்த மைவி காருக்கு ஒரு கடையில் எக்ஸ்டிரேக்டர் பொருத்தினேன். எங்கள் பட்டறையில் அப்போது வேலை நெருக்கடி, அதனால்தான் வெளியே கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அந்த வண்டியை மைத்துனருக்குப் பெயர் மாற்றுவதற்காகப் பரிசோதனைக்குக் கொண்டுபோனபோது கார்பன் மோனாக்சைடு அளவு மீறியிருப்பதாகத் தாள் வந்தது. புத்தம் புதிய குழாய், கெட்டலிஸ்டும் பழைய இடத்திலேயே பத்திரமாக இருந்தது. அப்படியும் தேறவில்லை.

மறுநாள் காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது வண்டியைத் தூக்கி, கைவிளக்கோடு அடியில் போனேன். எக்ஸ்டிரேக்டரும் அடுத்த குழாயும் சேரும் இணைப்புத் தட்டான ஃபிளேஞ்சின் விளிம்பில், இரண்டு நட்டுகளுக்கு இடையே, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கரிக்கோடு இருந்தது. குழந்தைக்கு மை தீட்டியதுபோல மெல்லியதாக, ஓர் ஓரத்தில் விசிறி மாதிரி சற்றே விரிந்திருந்தது. விரலால் தொட்டால் உலர்ந்த கரி அப்படியே ஒட்டிக்கொண்டது. நட்டைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. குழாயைப் புதிதாகப் போட்டவர்கள் இணைப்பின் நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் பழைய கேஸ்கெட்டையே திரும்ப வைத்து இறுக்கியிருந்தார்கள். ஒரு முறை நசுங்கிய கேஸ்கெட் மறுமுறை பிடித்து நிற்காது. பத்து ரிங்கிட்கூட ஆகாத ஒரு பொருளில் மிச்சம் பிடிக்கப்போய் வந்த வினை அது.

அந்தச் சிறு இடுக்கிலிருந்து வெளியே போகும் புகையால் கார்பன் மோனாக்சைடு எப்படிக் கூடும் என்று கேட்பீர்கள். எஞ்சினிலிருந்து புகை ஒரே சீராக வருவதில்லை, துடிப்புத் துடிப்பாக வருகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே குழாய்க்குள் அழுத்தம் குறையும் நொடியில், வெளிக்காற்று அந்த இடுக்கு வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. கசிவுக்கு அடுத்தாற்போல உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜன் சென்சர் அந்தக் காற்றைக் கண்டு, எஞ்சினுக்குள் காற்று மிகுந்துவிட்டது, பெட்ரோல் போதவில்லை என்று எஞ்சினின் கணினியான ஈசியூவுக்குச் சொல்கிறது. ஈசியூ அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டுகிறது. சரியாக இருந்த கலவை அங்கேதான் கெடுகிறது. முழுமையாக எரிய வழியில்லாத மிகுதிப் பெட்ரோல் கார்பன் மோனாக்சைடாக வெளியேறுகிறது, வண்டி பெட்ரோலும் அதிகம் குடிக்கிறது. எக்சோஸ் மாற்றிய பிறகு பெட்ரோல் கூடுதலாகப் போகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் தேடுவது இந்தக் கசிவைத்தான்.

கசிவைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஆறிய எஞ்சினைக் காலையில் முடுக்கிவிட்டு, ஒருவர் தடித்த ஈரத்துணியை மடித்துக் குழாயின் பின்வாயை ஓரளவு அடைத்துப் பிடிக்க வேண்டும். அடைத்த துணியை அழுத்தம் தள்ளிவிடப் பார்த்தால் குழாய் நன்றாக இருக்கிறது. அப்படித் தள்ளாமல் முன்னால் எங்கோ சீறும் ஓசை கேட்டால், அந்த இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள், குமிழி வந்து காட்டிக்கொடுக்கும். குழாய் சூடேறுவதற்கு முன்பே இதைச் செய்து முடித்துவிட வேண்டும். சூடான பிறகு இரும்பு விரிந்து சிறு இடுக்குகள் தாமாக மூடிக்கொள்ளும், தண்ணீரும் நிற்காமல் ஆவியாகிவிடும். வண்டியை வெட்டவெளியில் நிறுத்தித்தான் செய்ய வேண்டும், கதவடைத்த கொட்டகையில் செய்யக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாசனையோ கிடையாது.

சரிசெய்யும்போது புதிய கேஸ்கெட்டோடு நின்றுவிடாதீர்கள். ஃபிளேஞ்சின் முகத்தில் ஒரு நேர்கோலைக் குறுக்கே வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். மலிவான எக்ஸ்டிரேக்டர்களில் வெல்டிங் சூட்டினால் அந்த முகம் வளைந்திருப்பது வழக்கம். வளைந்ததை அரைத்துச் சமன்படுத்தாமல் எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் பயனில்லை. நட்டுகளை ஒரு பக்கமாக முழுதும் இறுக்காமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு முறை நன்றாகச் சூடேறி ஆறிய பிறகு மறுபடியும் இறுக்க வேண்டும். சென்சருக்கு முன்னால் உள்ள இணைப்புகளில் சாதாரண சிலிக்கோன் பசையைத் தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதிலிருந்து எழும் ஆவி ஆக்சிஜன் சென்சரைக் கெடுத்துவிடும் என்பதால், அந்தப் பழக்கத்தை அறவே விட வேண்டும்.

சென்சர் உட்காரும் இடம்

எக்ஸ்டிரேக்டர் செய்கிறவர்களில் சிலர் சென்சருக்கான துளையை, கைக்கு எட்டுகிறது என்பதற்காக, நான்கு குழாய்களில் ஏதோ ஒன்றின் மேல் போட்டுவிடுகிறார்கள். அப்போது ஈசியூ ஒரே ஒரு சிலிண்டரின் புகையை வைத்து நான்கு சிலிண்டருக்கும் பெட்ரோலை அளக்கும். அந்த ஒரு சிலிண்டருக்குப் பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டர் சற்று அடைத்திருந்தாலும் மற்ற மூன்றுக்கும் பெட்ரோல் மிகையாகப் போய்விடும். நான்கும் வந்து கூடும் இடத்துக்குப் பிறகுதான் சென்சர் இருக்க வேண்டும். கூடும் இடத்திலிருந்து வெகு தூரம் தள்ளி வைப்பதும் தவறு. சென்சர் சரியான சமிக்ஞை தருவதற்கும் சூடு தேவை. நான்கு கம்பி கொண்ட சென்சருக்குள் சூடேற்றி இருப்பதால் ஓரளவு தூரத்தைத் தாங்கும். பழைய ஒற்றைக் கம்பிச் சென்சர் எஞ்சினுக்கு அருகில் இருந்தால் மட்டுமே வேலை செய்யும்.

துளை குழாயின் மேல்பாதியில், சற்றே சாய்ந்தாற்போல் இருக்க வேண்டும். அடியில் வைத்தால், காலையில் எஞ்சின் முடுக்கும்போது குழாய்க்குள் சேரும் தண்ணீர் சென்சரின் பீங்கான் முனையில் பட்டு அதை விரிசலடையச் செய்துவிடும். சென்சரின் மரைகளில் மட்டும் பிடிப்பு விடுவிக்கும் பசையை இலேசாகத் தடவுங்கள், முனையில் ஒரு சொட்டும் படக் கூடாது. கம்பியை நீட்ட வேண்டியிருந்தால் முறுக்கி டேப் சுற்றாமல், சரியான இணைப்பானைக் கொண்டு நீட்டி, குழாயின் சூடு படாத பக்கமாகக் கட்டிவிடுங்கள். டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு எரிந்துகொண்டிருந்தால், அதன் காரணத்தைத் தீர்க்காமல் விளக்கை மட்டும் அணைத்துவிட்டுப் பரிசோதனைக்குப் போவதில் அர்த்தமில்லை.

கெட்டலிஸ்ட் வாங்கும்போது

எக்ஸ்டிரேக்டர் நீளமானது என்பதால் கெட்டலிஸ்டைப் பின்னால் தள்ளித்தான் பொருத்த முடியும். தள்ளத் தள்ளச் சூடு குறையும். எத்தனை அங்குலம் குறைவாகத் தள்ளுகிறீர்களோ அவ்வளவு நல்லது. இடையில் உள்ள குழாய்க்கு வெப்பக்காப்புத் துணி சுற்றினால் சூடு ஓரளவு தங்கும். ஆனால் சாதா இரும்புக் குழாயாக இருந்தால், அந்தத் துணி மழைநீரைப் பிடித்துவைத்துக் குழாயை விரைவில் துருவேற்றிவிடும். தைப்பிங் மழை எட்டிப் பார்க்கும் நம் பகுதியில் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்க்கு மட்டுமே அதைச் சுற்றலாம் என்பது என் கருத்து.

தடையில்லாமல் புகை போகும் என்று விற்கப்படும் கெட்டலிஸ்டுகளில் ஒரு சதுர அங்குலத்துக்கு 200 அல்லது 100 துளைகள் இருக்கும். தொழிற்சாலைப் பெட்டிகளில் 400, 600 என்று துளைகள் நெருக்கமாக இருக்கும். துளை குறையக் குறையப் புகை உரசிச் செல்லும் பரப்பும் குறைகிறது. அன்றாட ஓட்டத்துக்கு 200-க்குக் கீழே போகாதீர்கள், 400 கிடைத்தால் அதையே வாங்குங்கள். நம் ஊர் வேகத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காலுக்குத் தெரியாது, ஆனால் கருவிக்குத் தெரியும். வாங்குவதற்கு முன் பெட்டியின் உள்ளே விளக்கடித்துப் பாருங்கள். வெளியே பளபளக்கும் பெட்டிக்குள் கட்டியே இல்லாமல் வெறும் துளைத் தகடு மட்டும் இருப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எக்சோஸ் மாற்றும் கடையில் உங்கள் பழைய கெட்டலிஸ்டைக் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள். அதிலுள்ள உலோகங்களுக்கு மதிப்பு உண்டு. பழைய இரும்புக் கடைக்காரர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். வாடிக்கையாளருக்குச் சொல்லாமலேயே அது கைமாறிப் போவதால், ஆறு ஆண்டு கழித்து விற்கும்போது திரும்பப் பொருத்த ஒன்றுமில்லாமல் தவிப்பவர்கள் ஏராளம். சாக்கில் சுற்றி, வீட்டில் ஈரம்படாத இடத்தில் வையுங்கள்.

ஏற்கெனவே உள்ள கெட்டலிஸ்ட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஆறியிருக்கும்போது ரப்பர் சுத்தியால் இலேசாகத் தட்டினால் உள்ளே கலகலவென்று ஓசை வந்தால் பீங்கான் உடைந்துவிட்டது. உடையாதிருந்தால், எஞ்சினை நன்றாகச் சூடேற்றி, நிமிடத்துக்கு 2500 சுற்றில் சில நிமிடம் வைத்து, அகச்சிவப்பு வெப்பமானியால் பெட்டியின் முன்வாயையும் பின்வாயையும் அளந்து பாருங்கள். உள்ளே எரிதல் நடந்தால் பின்வாய்தான் சூடாக இருக்கும். பின்வாய் குளிர்ந்திருந்தால் பெட்டி வெறும் குழாயாகத்தான் இருக்கிறது. மிக நல்ல எஞ்சினில் எரிப்பதற்கே ஒன்றும் வராததால் வித்தியாசம் சிறியதாக இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். கெட்டலிஸ்ட் செத்திருந்தால் புதியதை வாங்கி மாட்டுவதற்கு முன் அதைக் கொன்றது எது என்று கண்டுபிடியுங்கள். மினியாக் ஹித்தாம், அதாவது எஞ்சின் எண்ணெய் குடிக்கும் எஞ்சின் அதன் பூச்சை மூடிவிடும். பிளக் சரியாகத் தீப்பொறி தராமல் எரியாத பெட்ரோல் போய்ச் சேர்ந்தால் பெட்டி உள்ளேயே எரிந்து பீங்கான் உருகிவிடும். காரணம் இருக்கும்வரை புதியதும் அதே வழியில்தான் போகும்.

எண்களைப் படிப்பது

பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பாக, வாயுப் பகுப்பாய்வுக் கருவி வைத்திருக்கும் பட்டறையில் ஒரு முறை அளந்துவிடுங்கள். கெட்டலிஸ்ட் உள்ள நல்ல எஞ்சின் சூடேறிய நிலையில் கார்பன் மோனாக்சைடு அரை விழுக்காட்டுக்குக் கீழும், ஹைட்ரோகார்பன் 100 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் 100 பங்கு) கீழும், கார்பன் டை ஆக்சைடு 14, 15 விழுக்காட்டு அளவிலும், ஆக்சிஜன் ஒரு விழுக்காட்டுக்குள்ளும் இருக்கும்.

இந்த நான்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு மட்டும் கூடி ஆக்சிஜன் குறைந்திருந்தால் பெட்ரோல் மிகை. காற்று வடிகட்டி, சென்சர், வெப்பநிலை உணரி, மூடாமல் திறந்தே கிடக்கும் தெர்மோஸ்டேட் ஆகியவற்றைப் பாருங்கள். தெர்மோஸ்டேட்டைக் கழற்றிப்போட்டுவிட்டு ஓட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. எஞ்சின் சூடேறாமல் இருப்பதைக் கண்டு ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். ஹைட்ரோகார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்து கூடியிருந்தால் ஏதோ ஒரு சிலிண்டர் எரியவில்லை, பிளக்கிலிருந்தும் அதற்கு மின்சாரம் தரும் சுருளிலிருந்தும் தொடங்குங்கள். ஆக்சிஜன் கூடி, கார்பன் டை ஆக்சைடு 10, 11 என்று இறங்கி, மற்ற இரண்டும் அழகாகக் குறைவாக இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். பின்குழாயில் எங்கோ கசிந்து வெளிக்காற்று கலந்ததால் புகை நீர்த்துப்போயிருக்கிறது. பரிசோதகர் அதையும் கவனிப்பார்.

போன மாதம் ஒரு தம்பி தாளைக் கொண்டுவந்து, "அண்ணே, சைலன்சர மாத்திட்டா தேறிடும்லண்ணே?" என்று கேட்டார். தாளில் ஹைட்ரோகார்பன் மட்டும் நானூற்றைத் தாண்டியிருந்தது. மூன்றாவது பிளக்கைக் கழற்றியபோது அதன் பீங்கான் நெடுக மயிரிழை விரிசல் ஓடியிருந்தது. நான்கு பிளக் மாற்றியதும் அந்த எண் அறுபதுக்கு இறங்கியது. சைலன்சரில் அவர் கை வைக்கவே இல்லை.

டீசல் வண்டி

தோட்டத்துக்குள் செம்பனைக் குலை ஏற்றும் ஹைலக்ஸ் வண்டிக்கும் லோரிக்கும் அளவுகோல் வேறு. அங்கே கரும்புகையின் அடர்த்தியை அளக்கிறார்கள். 1996-இல் வந்த டீசல் புகை விதிமுறைகளின்படி எல்லை 50 எச்எஸ்யு (புகை அடர்த்தியின் அலகு). நின்ற நிலையில், கியர் போடாமல், எண்ணெய் மிதியை ஒரே மூச்சில் அடிவரை மிதித்து, எழும் புகையை அளப்பார்கள். பல மாதம் செம்மண் சாலையில் ஊர்ந்து போன லோரியின் சைலன்சருக்குள் படிந்துகிடக்கும் கரியெல்லாம் அந்த முதல் மிதியில்தான் கிளம்பும். அதனால் பரிசோதனைக்குப் போகும் வழியில் நெடுஞ்சாலையில் ஒரு கியர் குறைத்து, அரை மணி நேரம் நல்ல சுற்றில் ஓட்டிக் கரியை வெளியேற்றிவிட வேண்டும். அதற்கு முன் எஞ்சின் எண்ணெயும் டைமிங் பெல்ட்டும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தே ஆக வேண்டும். தேய்ந்த பெல்ட் அடிவரை மிதிக்கும்போது அறுந்தால் எஞ்சினே போய்விடும்.

பெரிய விட்டமுள்ள நேர்குழாய் போட்டதால் டீசல் கரும்புகை குறையும் என்ற நம்பிக்கை தவறு. புகையைத் தீர்மானிப்பது காற்றும் டீசல் தூவலும்தான். செம்மண் தூசி அடைத்த காற்று வடிகட்டி, டர்போவிலிருந்து வரும் ரப்பர்க் குழாயில் விழுந்த வெடிப்பு, தேய்ந்த இன்ஜெக்டர் முனை ஆகிய மூன்றையும் இந்த வரிசையிலேயே பாருங்கள். முதல் இரண்டும் அரை நாள் வேலைதான்.

சத்தமும் குழாயின் வாயும்

புகையில் தேறிய வண்டியைச் சத்தம் கவிழ்க்கலாம். 1987 முதல் வாகன இரைச்சலுக்குத் தனி விதிமுறைகள் உள்ளன. சைலன்சர் இல்லாத குழாய் எந்த நிலையிலும் ஏற்கப்படாது. வரிசை வீடுகளில் விடியற்காலை ஐந்து மணிக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் நடுவில் வாழும் நமக்கு இதைச் சட்டம் வந்து சொல்ல வேண்டியதில்லை. குழாயின் வாயையும் பாருங்கள். அளவுக் கருவியின் குழல் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். சத்தம் குறைப்பதற்காக உள்ளே செருகிய அடைப்பானோ, கூர்மையாக வளைந்த அலங்கார முனையோ அதைத் தடுத்தால், பரிசோதகர் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

பரிசோதனை நாள்

காலை நேரத்தைப் பதிவு செய்யுங்கள், வரிசை குறைவாக இருக்கும். எரிபொருள் தொட்டி பாதிக்கு மேல் இருக்கட்டும், எஞ்சின் எண்ணெய் புதிதாக மாற்றியதாக இருக்கட்டும். பழைய எண்ணெயில் கரைந்திருக்கும் பெட்ரோலின் ஆவி திரும்ப எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு அளவைக் கூட்டும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அந்த ஓட்டம் எஞ்சினையும் கெட்டலிஸ்டையும் அருமையாகச் சூடேற்றிவிடும். ஆனால் போய்ச் சேர்ந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு, எதிரில் தே தாரிக் குடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தால் அந்தச் சூடெல்லாம் வீண். பின்னால் தள்ளிப் பொருத்திய கெட்டலிஸ்ட் இன்னும் விரைவாக ஆறிவிடும். உங்களுக்கு முன்னால் இரண்டு மூன்று வண்டிகள் இருக்கும்போதே எஞ்சினை முடுக்கி, குளிர்சாதனத்தை அணைத்து, முறை வருவதற்குச் சற்று முன் 2500 சுற்றில் இரண்டு மூன்று நிமிடம் பிடித்து வைத்திருங்கள். வெறும் ஐடிலில் நிற்கும் எஞ்சின் கெட்டலிஸ்டைச் சூடாக வைத்திருக்காது.

தேறவில்லை என்றால் அங்கேயே வாதிட வேண்டாம். தாளை வாங்கி, எந்த எண் எவ்வளவு மீறியது என்று பார்த்து, அதே தாளோடு உங்கள் ஃபோர்மேனிடம் போங்கள். தேறினாலும் அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, ஃபிளேஞ்ச் நட்டுகளை மறுபடி ஒரு முறை இறுக்கி, விளிம்பில் கரிக்கோடு ஏதும் புதிதாக விழுந்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்துவிடுங்கள்.